கோட்பாட்டுத் தாளும் கேமராவும்

கேள்வி: வெகுஜனத் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோட்பாடுகளை மனப்பாடம் செய்துதான் எழுதுகிறேன். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறது. உடன் படிப்பவர்களோ கேமராவும் கையுமாக இருக்கிறார்கள். வேலைக்குக் கோட்பாடு உதவுமா, நானும் முழுக்கச் செய்முறைப் பக்கம் போய்விடலாமா?

பதில்: நீங்கள் கைவிட வேண்டியது மனப்பாடத்தை, கோட்பாட்டை அல்ல. பெயரும் ஆண்டும் மறந்துபோனால் பரவாயில்லை. கோட்பாட்டைச் சொன்னவர்கள் அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சிநிரல் அமைத்தல் கோட்பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஊடகங்கள் எதற்கு அதிக இடம் தருகின்றனவோ, அதையே மக்களும் முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்பதுதான் அது. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்ட் ஷா என்ற இரு ஆய்வாளர்கள் சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டுப் போடுவது என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரைப் பேட்டி கண்டார்கள். எந்தப் பிரச்சினைகள் முக்கியம் என்று கேட்டார்கள். அந்த வட்டாரத்து மக்கள் பார்த்த, படித்த ஊடகங்களில் எதற்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்றும் கணக்கெடுத்தார்கள். இரண்டு வரிசையும் பெருமளவு ஒத்துப்போயின. கட்டுரை வெளியானது 1972-ல்.

இதை நீங்களே சிறிய அளவில் செய்து பாருங்கள். ஒரு நாளிதழின் முதல் பக்கச் செய்திகளை ஒரு வாரம் வகை பிரித்து எழுதுங்கள். முதல் நாளே சிக்கல் வரும். மருத்துவமனையில் தீப்பிடித்த செய்தி 'விபத்து' என்ற வகையில் சேருமா, 'சுகாதாரம்' என்பதிலா, 'நிர்வாகம்' என்பதிலா? அதே செய்திகளை ஒரு நண்பரிடம் கொடுத்து, உங்கள் பட்டியலைக் காட்டாமல் பிரிக்கச் சொல்லுங்கள். இருவரும் வேறு வேறாகப் போட்டிருந்தால் உங்கள் வரையறை தெளிவாக இல்லை, திருத்தி எழுதுங்கள். உள்ளடக்கப் பகுப்பாய்வு என்ற பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதை ஒருமுறை செய்தவருக்கு அந்தக் கேள்விக்கு விடை எழுத நோட்ஸ் தேவைப்படாது.

அடுத்த கேள்வி தானாக வரும்: ஊடகம் மக்களை வழிநடத்தியதா, மக்களின் கவலையை ஊடகம் பின்தொடர்ந்ததா? ஒரே ஒருமுறை பேட்டி எடுத்து இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1972 தேர்தலில் ஷார்லட் நகரில் அதே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். இப்படிச் சந்தேகப்படும் பழக்கம் செய்தி அறையில் தினமும் தேவைப்படும். ஒரு கருத்துக்கணிப்பு மேசைக்கு வந்தால் யாரிடம் கேட்டார்கள், எத்தனை பேரிடம், எப்போது என்று கேட்கத் தெரிந்தவர்கள் எல்லா இடத்திலும் குறைவு.

செய்முறையையும் ஒதுக்காதீர்கள். விலை உயர்ந்த கேமரா வேண்டாம், போன் போதும். ஆனால் ஒலியில் கவனம் வையுங்கள். படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சுப் புரியாவிட்டால் போய்விடுவார். பேட்டி முடிந்ததும் கிளம்பிவிடாமல், யாரும் பேசாதபோது அந்த இடத்தின் ஒலியை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் இரண்டு பைட்டுகளை (பேட்டியிலிருந்து வெட்டியெடுத்த பேச்சுத் துண்டுகளை) ஒட்டும்போது நடுவில் விழும் வெறுமையை அதுதான் நிரப்பும். பாதியில் நின்ற பத்து வீடியோக்களைவிட முழுதாக முடித்த இரண்டுக்கு நேர்காணலில் மதிப்பு அதிகம்.

அவதூறு, பதிப்புரிமைச் சட்டங்களைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். முதல் வேலையிலேயே தேவைப்படும்.

இறுதியாண்டு ஆய்வுக்கு இப்போதே தலைப்பு யோசியுங்கள். 'சமூக ஊடகங்களின் தாக்கம்' என்று பலரும் எழுதித் தருகிறார்கள்; அது ஆயுள் முழுக்கச் செய்தாலும் முடியாது. ஒரு ஊடகம், ஒரு பிரச்சினை, ஒரு மாதம் என்று சுருக்குங்கள். வழிகாட்டிப் பேராசிரியரிடம் போகும்போது தலைப்போடு, நீங்கள் வகை பிரித்த அந்த ஒரு வார அட்டவணையையும் கொண்டுபோங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.