கடன் வாங்கி ஆன்லைன் போக்கருக்கு பேங்க்ரோல் சேர்க்கலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து கேட்ட தம்பிக்கு: வேண்டாம். முதலில் சட்டம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையோ அதிர்ஷ்டமோ, எல்லாவற்றையும் தடுக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. போக்கர் சீட்டாட்டமும் அதில் அடக்கம்.

சரி, கணக்கையும் பார்ப்போம். பேங்க்ரோல் என்பது ஆடுவதற்கென்றே ஒதுக்கி வைக்கும், முழுசாகப் போனாலும் வீட்டுச் செலவு தடுமாறாத பணம். 5/10 ரூபாய் மேசையில், அதாவது சீட்டு போடும்முன் இருவர் 5, 10 ரூபாய் கட்டாயமாக வைக்கும் மேசையில், ஒருமுறை உட்கார சாதாரணமாக 1,000 ரூபாய். அதைப் போல 30 மடங்காவது கையில் வேண்டும் என்பார்கள் ஆடிப் பழகியவர்கள். ஏனென்றால் நன்றாக ஆடுபவனுக்கும் மாதக்கணக்கில் சீட்டு சரியாக விழாமல் போகலாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் பந்தயப் பணத்தில் நடத்துபவர் எடுக்கும் கமிஷன் வேறு.

அந்த 30,000-ஐ பத்து வட்டிக்கு வாங்கினால் மாதம் 3,000 ரூபாய் வட்டி மட்டும். நம்ம பக்கத்தில் முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 27,000 தான் கையில் தருவார்கள். சீட்டு விழும்வரை நீங்கள் காத்திருக்கலாம். வட்டிக்காரர் காத்திருக்க மாட்டார். அந்தப் பயத்தில் பெரிய மேசைக்குப் போவீர்கள், மீதியும் கரையும். அம்மாவின் நகையை அடகு வைத்தாலும் இதே கதைதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். மிரட்டினால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்திலோ, திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலோ மனு கொடுக்கலாம். துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போங்கள்.