துன்புறுத்தப்பட்ட கிளியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்; அதன் பயத்தைப் போக்குவது எப்படி?

பொகவந்தலாவையில் ஒரு வீட்டின் பின்புறத்தில் காலில் சங்கிலியோடு கிடந்த கிளியை, அந்த வீட்டுக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது எடுத்து வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இறக்கை வெட்டப்பட்டிருக்கிறது, நெஞ்சில் இறகே இல்லை, கையை நீட்டினால் அலறுகிறது, பிடித்தால் இரத்தம் வரும்படி கடிக்கிறது; எத்தனை நாளில் பழகும், இறக்கை வளர்ந்த பிறகு பறக்கவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள். இதே போன்ற ஒரு கிளி பண்டாரவளையில் எங்கள் வீட்டில் சில வருடங்களாக இருப்பதால், அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நாள் கணக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அந்தக் கிளி இதுவரை 'வேண்டாம்' என்று சொன்ன எந்த இடத்திலும் அதை யாரும் கேட்டதில்லை. அது சொல்வதற்கு ஒருவர் காது கொடுக்கிறார் என்று அதற்குப் புரியும்வரை பழக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நம் நாட்டுக் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆகவே, நல்லெண்ணத்தோடு எடுத்து வந்திருந்தாலும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவித்து, அவர்கள் சொல்வதன்படி நடந்துகொள்ளுங்கள். எடுத்து வந்த நாளன்றே காலையும் நெஞ்சையும் இறக்கையையும் படம் எடுத்து வைத்திருந்தால் அது பின்னால் உதவும்.

அடுத்தது வைத்தியம். தோட்டப் பகுதிகளில் இருக்கும் அரச மிருக வைத்தியர்களுக்குப் பசு மாடுகளோடுதான் முழுநேர வேலை என்பதால், கிளியைக் காட்டினால் சிலர் தயங்குவார்கள். முடியுமானால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கே கொண்டுபோங்கள். சங்கிலி வளையம் இன்னும் காலில் இருந்தால் வீட்டுக் குறட்டால் வெட்ட முயலவேண்டாம், ஏனென்றால் கிளி உதறும் ஒரே உதறலில் அந்த மெல்லிய கால் எலும்பு முறிந்துவிடும். பறவைகளுக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் மூச்சு ஓடுகிறது. எனவே துவாயால் சுற்றிப் பிடிக்கவேண்டிய கட்டாயம் வந்தாலும் நெஞ்சை அழுத்தாமல் பிடிக்கவேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். எச்சத்தைப் பரிசோதிக்கவும் கேளுங்கள். கிளிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் பக்டீரியா நோய் காய்ந்த எச்சத் தூசி வழியாக மனிதருக்கும் தொற்றும், காய்ச்சலும் வரட்டு இருமலுமாக வரும். உரிய நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் குணமாகும் என்றாலும், பரிசோதனை முடிவு வரும்வரை கூட்டை நீர் தெளித்து நனைத்த பிறகே துடையுங்கள், சிறு பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

நெஞ்சு வெறுமையாக இருக்கும்போது தலையைக் கவனித்துப் பாருங்கள். தலையில் இறகு முழுதாக இருந்து, அலகு எட்டும் இடங்கள் மட்டும் வெறுமையாக இருந்தால், கிளி தானே பிடுங்குகிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். தலையும் சொட்டையாக இருந்தால் நோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். தானே பிடுங்குவதற்குப் பயமும் சலிப்பும் மட்டும் காரணமல்ல, ஒட்டுண்ணியும், சத்துக்குறைவும், ஈரல் கோளாறும்கூட அதைச் செய்யவைக்கும். எந்தக் காரணமாக இருந்தாலும், பிடுங்கும் நேரத்தில் ஓடிப்போய் அதட்டாதீர்கள்.

உங்கள் ஊரின் குளிரை இந்தக் கிளியின் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். தோளில் சிவப்புத் திட்டு இருப்பதாகச் சொல்கிறீர்கள், அப்படியானால் அது அலெக்சாண்டிரின் கிளி, சிங்களத்தில் லபு கிரவா; தாழ்நிலக் காடுகளைச் சேர்ந்த பறவை, யாரோ குஞ்சாக இருக்கும்போதே மரப்பொந்திலிருந்து எடுத்து மலைக்குக் கொண்டுவந்திருப்பார்கள். நெஞ்சில் இறகில்லாத ஒரு தாழ்நிலப் பறவைக்கு ஜனவரிப் பனிக்காலத்து இரவு சாதாரண விடயமல்ல. கூட்டை வெளி வராந்தாவில் தொங்கவிடாமல், வீட்டுக்குள் கண்ணுயரத்தில், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும்படி வையுங்கள். நாற்புறமும் திறந்த கூட்டில் இருக்கும் பயந்த கிளி எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வருமென்று பார்த்துக்கொண்டே நாளைக் கழிக்கும். இரவில் மூன்று பக்கங்களைத் துணியால் மூடி, முன்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு, பத்து முதல் பன்னிரண்டு மணிநேரம் இருளும் அமைதியும் கொடுங்கள். ஆனால் சூடு வேண்டுமென்று குசினிக்குள் வைத்துவிடாதீர்கள். விறகுப் புகை, கொசுவர்த்தி, சாம்பிராணி எல்லாமே பறவையின் நுரையீரலுக்குக் கேடு. ஒட்டாத பூச்சுள்ள தாச்சி அளவுக்குமீறிச் சூடானால் எழும் வாயு சில நிமிடங்களிலேயே பறவையைக் கொன்றுவிடும். குந்துவதற்கு இரும்புக் கம்பியோ பிளாஸ்டிக் குழாயோ இருந்தால் எடுத்துவிட்டு, மருந்து அடிக்காத கொய்யாக் கிளைகளை வெவ்வேறு பருமனில் கட்டுங்கள். ஒரே பருமனில் வழுக்கும் கம்பியில் வருடக்கணக்காக நின்ற கிளிகளின் உள்ளங்காலில் புண் வந்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். நம் பக்கத்தில் கிளி என்றால் சோறும், தேத்தண்ணியில் தோய்த்த பாணும்தான். அதுதான் அதற்குப் பிடிக்கும் என்று பெருமையாக வேறு சொல்வார்கள். தேயிலையில் உள்ள கஃபீன் பறவையின் இதயத்துக்கு நஞ்சு, பாலையும் அதனால் செரிக்கமுடியாது. ஒவ்வொரு தோட்டத்து ஓரத்திலும் காய்த்துக் குலுங்கும் ஆனைக்கொய்யாவை (அவகாடோ) கண்ணில்கூடக் காட்டாதீர்கள், அதிலுள்ள பேர்சின் என்ற பொருள் கிளியைக் கொல்லக்கூடியது. சொக்லேட், உப்புக் கருவாடு, வெங்காயம் ஆகியவையும் வேண்டாம். கச்சான் கொடுப்பதானால் நன்கு காய்ந்ததாக இருக்கட்டும். நம் மலைநாட்டு ஈரத்தில் கச்சானில் பிடிக்கும் பூஞ்சணம் ஈரலைக் கெடுக்கும். கரட்டும் அதன் இலையும், பப்பாசி, கொய்யா, முருங்கை இலை, முளைவிட்ட பயறு, இளஞ் சோளன், குரக்கன் ஆகியவை நல்லவை. பச்சை மிளகாயைக் கண்டு தயங்கவேண்டாம், உறைப்பு பறவைகளுக்குத் தெரிவதில்லை. வெறும் சூரியகாந்தி விதையில் வளர்ந்த கிளிகளுக்கு விற்றமின் ஏ குறைந்து, மூக்கும் தொண்டையும் தோலும் கெடும். இருந்தாலும் இன்றே எல்லாவற்றையும் மாற்றிப் பட்டினி போடாதீர்கள். பழைய உணவோடு புதியதைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். குசினித் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள், பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் வைத்தியரிடம் போகவேண்டிய நேரம் வந்துவிட்டது.

இப்போது பயத்துக்கு வருகிறேன். உங்கள் கிளிக்குப் பயம் உங்கள்மேல் அல்ல, சில பொருள்கள்மேலும் அசைவுகள்மேலும்தான் இருக்கும். அவை எவை என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. எங்கள் கிளி ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் பல வருடம் இருந்தது. தும்புத்தடியைக் கண்டால் கூட்டின் பின்கம்பியில் மோதிக்கொள்ளும், எனவே அறையைக் கூட்டும்போது கூட்டின் அந்தப் பக்கத்துத் துணியை இறக்கிவிடுவதை வழக்கமாக்கினோம். என் அக்கா கொழுந்து பறித்துவிட்டு இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கோடு வந்தாலும் அதே அலறல்தான். சாக்கில் போட்டுக் கட்டித் தூக்கிவந்த கிளி அது என்று பிறகு கேள்விப்பட்டோம். அக்கா படங்கை வாசலிலேயே கழற்றிவைத்துவிட்டு, கிளியின் பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே வரத் தொடங்கினார், வீட்டில் அது முதலில் நம்பிய ஆளும் அக்காதான். இன்னொரு விடயத்துக்கும் தயாராக இருங்கள்: கேட்ட வசவுகளையெல்லாம் அதே குரலில் அது திருப்பிச் சொல்லக்கூடும். எங்களுடையது ஒரு கிழவரின் இருமலோடு சேர்த்துக் கெட்ட வார்த்தை சொல்லும். சிரிக்கவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். இரண்டுமே அதற்குக் கவனிப்புத்தான்.

செய்முறை என்று பார்த்தால் மிக எளிது, பொறுமை மட்டும்தான் கடினம். சூரியகாந்தி விதையைச் சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டு, அதை உங்கள் கையிலிருந்து மட்டுமே வரும் பண்டமாக்குங்கள். கூட்டைக் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் கிண்ணத்தில் ஒரு விதையைப் போட்டுவிட்டு, நிற்காமல், அதன் முகத்தைப் பார்க்காமல் போய்விடுங்கள். இரு கண்களாலும் நேராக உற்றுப் பார்ப்பது வேட்டை விலங்கு செய்யும் வேலை, ஆகவே அருகில் உட்காரும்போதும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, மெல்லிய குரலில் பேப்பர் வாசியுங்கள். இறகை உடலோடு ஒட்ட இறுக்கி, ஒல்லியாகி, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். கண்மணி சட்டென்று சுருங்கி விரிந்து, வாலிறகு விரிந்தால் அடுத்தது கடிதான். அந்த அறிகுறி தெரிந்த கணமே ஓரடி பின்வாங்குங்கள். கிளிக்கு இடங்கொடுத்துக் கெடுப்பதாக வீட்டில் யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். கடிக்காமலே உங்களை விலக்கமுடியும் என்று தெரிந்துகொள்ளும் கிளிக்குக் கடிக்கவேண்டிய அவசியம் குறைந்துகொண்டே போகும்.

உங்களைக் கண்டதும் கிண்ணத்தருகே வரத் தொடங்கிய பிறகு, கூட்டுக்கு வெளியிலிருந்து ஒரு மெல்லிய மூங்கில் குச்சியின் நுனியைக் காட்டுங்கள். அதை அலகால் தொட்டால் ஒரு விதை, அவ்வளவுதான் பாடம். குச்சியைப் பின்தொடர்ந்து நடக்கக் கற்றுக்கொண்டால், பிடிக்காமலே அதை ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கும், பிறகு எடைத்தட்டுக்கும், பயணப் பெட்டிக்கும் வரவழைக்கலாம். ஒவ்வொரு அமர்வையும் அது சலிப்பதற்கு முன்பே நிறுத்துங்கள். கடித்துவிட்டால் கையை உதறாமல், கத்தாமல், மெதுவாக விலகுங்கள்; அலகில் சுண்டுவது, தண்ணீர் பீச்சுவது போன்ற 'வைத்தியங்கள்' அதன் பழைய எசமானர்கள் செய்தவைதான். கையில் ஏறவே மாட்டேன் என்று கடைசிவரை இருக்கும் கிளிகளும் உண்டு. என் பார்வையில் அது தோல்வியல்ல. நீங்கள் அறையில் இருக்கும்போதே அது சாப்பிடுகிறதா, அலகால் இறகு கோதுகிறதா, ஒற்றைக்காலில் நின்று கண் மூடுகிறதா என்பவைதான் நான் பார்க்கும் அளவுகோல்கள்.

பொழுதுபோக்கு இல்லாத கிளி மறுபடியும் இறகுக்குத்தான் வரும். தோலோடு ஒரு சோளன் பொத்தி, தேங்காய் மட்டைத் துண்டு, விதை மடித்துவைத்த வாழையிலைப் பொட்டலம் என்று கிழித்துக் குதற ஏதாவது தினமும் கொடுங்கள். வெயில் உள்ள நண்பகலில் வெதுவெதுப்பான நீரைத் தூறலாகத் தெளித்தால் தோல் அரிப்பும் தணியும். விடியலிலும் அந்தியிலும் கத்துவது கிளியின் இயல்பு. நடுவில் உங்களைத் தேடிக் கூப்பிட்டால் அடுத்த அறையிலிருந்து ஒரு சீட்டியால் பதில் கொடுங்கள். தீபாவளி வெடிக்கும், கோயில் திருவிழாத் தப்புச் சத்தத்துக்கும் முன்கூட்டியே கூட்டை உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள். துணைக்கு இன்னொரு கிளி வாங்குவதை மட்டும் நினைக்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை பொந்துகளில் கை விடவும் ஆள் இருக்கும்.

பறக்கவிடுவது பற்றி. வெட்டிய இறகுகள் இறகுதிர்வின்போதுதான் ஒவ்வொன்றாக மாறும், அதற்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். புதிதாக முளைக்கும் இறகின் தண்டுக்குள் இரத்தம் ஓடும் என்பதால், அது முறிந்து இரத்தம் கசிந்தால் சோளமாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு வைத்தியரை அழையுங்கள். முழுதாக வளர்ந்த பிறகும் வாசற்கதவைத் திறந்து விட்டுவிடாதீர்கள்; இரை தேடவும் பருந்தைக் கண்டு ஒளியவும் அறியாத, மனிதரின் சத்தத்தை நோக்கியே பறந்துவரும் பறவை, தன் இனம் வாழாத குளிர்மலையில் சில நாள்கூடத் தாங்காது. விடுவிக்கத் தகுதியானதா, எங்கே, எப்படி என்பதைத் திணைக்கள வைத்தியர்கள் முடிவு செய்யட்டும். அதுவரை கதவடைத்த ஓர் அறையில் தினமும் பறக்கவிடுங்கள்: சன்னல் கண்ணாடிக்குத் திரை போட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியை மூடி, பூனையை வெளியே பூட்டி, திறந்த தண்ணீர் வாளியை அகற்றிவிட்டு. நெடுநாள் பறக்காத நெஞ்சுத் தசை விரைவில் களைத்து அது தரையில் இறங்கிவிடும். அப்போது பிடித்துத் தூக்காமல் குச்சியையும் ஒரு கொய்யாக் கிளையையும் தரையில் நீட்டுங்கள், ஏறிக்கொள்ளும்.