கேர்ஃபுல்லி எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையருக்கு "வி செக்டு கேர்ஃபுல்லி த பீசஸ்" என்று மெயில் எழுதினேன். மேலாளர் கேர்ஃபுல்லியைக் கடைசிக்கு மாற்றினார். இன்னொரு மெயிலில் அவரே அதைச் செக்டுக்கு முன்னால் வைத்தார். எது சரி?
- ஒரு வாசகி, அவிநாசி

பதில்: மேலாளர் செய்த இரண்டு திருத்தங்களும் சரியானவையே. "பீஸ்களைக் கவனமாகச் சரிபார்த்தோம்" என்னும்போது தமிழில் வினையடை செயப்படுபொருளுக்கும் வினைக்கும் நடுவில் இயல்பாக அமர்கிறது. அந்தப் பழக்கம்தான் உங்கள் வாக்கியத்திலும் தெரிகிறது. ஆங்கிலத்திலோ வினையை ஒட்டியே செயப்படுபொருள் வர வேண்டும் என்பதால், செயல் நடந்த விதத்தைச் சொல்லும் சொல் அவ்விரண்டுக்கும் இடையில் பொதுவாக நுழைவதில்லை. "வி செக்டு த பீசஸ் கேர்ஃபுல்லி" என்பதே வழக்கமான வரிசை.

செயப்படுபொருள் நீளமாக இருந்தால் வினைக்கு முன்னால் வைப்பதே நல்லது. "வி கேர்ஃபுல்லி செக்டு ஆல் த பீசஸ் தட் கேம் பேக் ஃப்ரம் த டையிங் யூனிட்" என்ற வாக்கியத்தில் கேர்ஃபுல்லியைக் கடைசிக்குக் கொண்டுபோனால், சாயப்பட்டறையிலிருந்து பீஸ்கள் கவனமாகத் திரும்பி வந்தன என்று பொருள் குழம்பிவிடும். உங்கள் மேலாளரும் இதற்காகவே இடத்தை மாற்றியிருக்கக்கூடும்.

சில சொற்களில் இடம் மாறினால் பொருளே மாறும் என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். "ஹி ஆன்சர்டு த மெயில் ஃபூலிஷ்லி" என்றால் அவர் எழுதிய பதில் அசட்டுத்தனமானது. "ஹி ஃபூலிஷ்லி ஆன்சர்டு த மெயில்" என்றால், பதில் எப்படி இருந்தாலும், அதை எழுதியதே அசட்டுத்தனம். பையருடன் கடிதம் நடத்துபவருக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

வெல், பேட்லி, ஹார்டு, ஃபாஸ்ட் ஆகியவை செயல் நடந்த விதத்தைச் சொல்லும்போது, செய்வினையில் பொதுவாகப் பின்னால்தான் வரும். "தே ஒர்க்டு ஹார்டு" என்பதில் ஹார்டை முன்னால் நகர்த்தி, ஓசைக்காக "ஹார்ட்லி ஒர்க்டு" என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். கடுமையாக உழைத்தவர்கள் அதனால் ஏறக்குறைய உழைக்காதவர்களாகிவிடுகிறார்கள். செயப்பாட்டுவினையில் மட்டும் வெல்லும் பேட்லியும் முன்னே வரலாம்: "த கார்ட்டன்ஸ் வேர் பேட்லி பேக்டு" என்று தயங்காமல் எழுதுங்கள்.