கையெழுத்துப் போடாதவர்கள்

கேள்வி: உளவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விவாகரத்தான பெற்றோரின் பிள்ளைகளுக்கு மனநலச் சிக்கல் அதிகமா என்று ஆய்வு செய்ய ஆசை. அவர்களை ஓர் ஆலோசனை மையத்திலிருந்தும், ஒப்பிடுவதற்கான பிள்ளைகளை ஒரு பள்ளியிலிருந்தும் எடுக்கத் திட்டம். ஒப்புதல் படிவம் தயார், பெயர்களை மறைத்துவிடுவேன். ஆனாலும் என் நெறியாளர், "வம்பு பிடித்த தலைப்பு, வேறு எடுங்கள்" என்கிறார். விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம். ஆனால் இப்போது இருக்கிறபடி செய்யவும் வேண்டாம்.

ஒப்புதல் படிவம், அதில் கையெழுத்துப் போட்டவர்களைத்தான் காக்கும். உங்கள் முடிவோ, வினாத்தாளைக் கண்ணால்கூடப் பார்க்காத பிள்ளைகள்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். எங்கோ ஒரு வகுப்பில் ஒரு பையன் அடம்பிடித்தால், "அப்பா அம்மா பிரிஞ்சவங்க, அப்படித்தான் இருப்பான்" என்று சொல்ல ஓர் ஆதாரம் கிடைத்துவிடும். அவனிடம் யார் ஒப்புதல் கேட்டார்கள்?

ஹென்றி கோடார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்து 1917-இல் முடிவை வெளியிட்டார். சோதித்தவர்களில் பெரும்பாலோர் மந்தபுத்திக்காரர்கள் என்றார். எல்லாக் குடியேறிகளுக்கும் இது பொருந்தாது என்று அவரே எழுதியும் இருந்தார். அந்த வரி யார் நினைவிலும் நிற்கவில்லை. எனவே "எங்கள் ஆய்வின் வரம்புகள்" என்ற பகுதியைக் கடைசியில் சேர்த்துவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அதுவரை படிக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

உங்கள் நெறியாளரின் பயம் எனக்குப் புரிகிறது, வழிதான் சரியில்லை. சமூக உணர்வுகளைத் தொடும் ஆய்வுகளைப் பற்றி உளவியலாளர்கள் ஜோன் சீபரும் பார்பரா ஸ்டான்லியும் 1988-இல் எழுதியபோது, சர்ச்சை வரும் என்பதற்காக ஒதுங்குவதும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான் என்றார்கள். நல்ல ஆய்வு இல்லாத இடத்தில் ஆய்வின் வேலையை வதந்தி பார்க்கும்.

அமெரிக்க உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் அப்படி ஒதுங்கவில்லை. ஒருபாலீர்ப்பு ஒரு நோய் என்று நம்பப்பட்ட காலம் அது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக இருந்த ஆய்வுகள் பெரும்பாலும் மனநோயாளிகளையும் கைதிகளையும் வைத்து நடந்தவை. ஹூக்கர் சிகிச்சையில் இல்லாத 30 ஒருபாலீர்ப்பு ஆண்களையும், வயதிலும் படிப்பிலும் அறிவுத்திறனிலும் அவர்களுக்கு இணையான 30 மற்ற ஆண்களையும் எடுத்தார். யார் எவர் என்று சொல்லாமல் சோதனை விடைகளை நிபுணர்களிடம் கொடுத்தார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முடிவு வெளியானது 1957-இல். நோய்ப் பட்டியலிலிருந்து ஒருபாலீர்ப்பை நீக்க அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் முடிவெடுத்தது 1973-இல்.

இப்போது உங்கள் திட்டத்தைத் திரும்பிப் பாருங்கள். விவாகரத்தான வீட்டுப் பிள்ளைகளை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? ஆலோசனை மையத்திலிருந்து! சிக்கல் இருப்பதால் அங்கே வந்தவர்களிடம் சிக்கலைக் "கண்டுபிடிக்க" ஆய்வு எதற்கு? நெறிமுறைக் கோளாறு என்று நாம் பேசுவது பல சமயம் வெறும் முறையியல் கோளாறுதான். இரு தரப்பையும் ஒரே பள்ளிகளிலிருந்து எடுங்கள். கேள்வியையும் மாற்றுங்கள். "சிக்கல் அதிகமா?" என்பதில் பிள்ளைகள் ஏற்கெனவே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள். "பிரிவுக்குப் பிறகு எந்தச் சூழலில் பிள்ளைகள் தேறி வருகிறார்கள்?" என்று கேட்டால் வருமானம், வீடு மாறுதல், பெற்றோரின் ஓயாத சண்டை எல்லாம் கணக்கில் வந்தாக வேண்டும். இது சாயம் பூசுவதல்ல. சிக்கல் இருந்தால் இந்தக் கேள்வியிலும் அது தெரியும்.

பெயரை மறைத்தால் போதும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. ஒரு வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இரண்டே பேர் என்றால் பெயர் எதற்கு? வகுப்புவாரியாக எண்களைப் பிரித்துக் காட்டாதீர்கள். பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கு நடக்கும் குடும்பங்களைச் சேர்க்காமலிருப்பது நல்லது, உங்கள் குறிப்பேட்டை நீதிமன்றம் கேட்டால் ரகசியம் காப்பேன் என்ற வாக்கு நிற்காமல் போகலாம். பெற்றோர் சம்மதித்தாலும் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள், பாதியில் எழுந்துபோகவும் விடுங்கள். "பெற்றோர் பிரிய நீதான் காரணம் என்று நினைக்கிறாயா?" என்பதுபோல் ஏதாவது வினாத்தாளில் இருந்தால் அடித்துவிடுங்கள். அதுவரை அப்படி நினைக்காத பிள்ளை அன்று இரவு நினைக்கத் தொடங்கும்.

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன், பிரிந்த பெற்றோரிடம் வளர்ந்து ஆளான இரண்டு மூன்று பேரிடம் திட்டத்தைக் காட்டி, எந்த வரி சுருக்கென்றது என்று கேளுங்கள். பிறகு நெறியாளரிடம் போங்கள். ஆலோசனை மையத்தை அடித்துவிட்டுப் போனாலே அவர் முகம் கொஞ்சம் இளகும் என்று நினைக்கிறேன்.