70 நாள் பேருக்கு ஒரு ஹெட்போனா?

வாங்குமுன் கேளுங்கள்: கேள்வி - பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹெட்போனும் இயர்பட்ஸும்தான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மகன் உயர்தரம் படிக்கிறான். ஒன்லைன் வகுப்புக்கு 95,000 ரூபா ஹெட்போன் கேட்கிறான். பக்கத்துக் காம்பரா டீவி சத்தத்தில் படிக்க முடியவில்லையாம். எனக்குச் சீட்டுக்காசு வர இருக்கிறது. வாங்கிக் கொடுக்கவா?
- கொழுந்து பறிக்கும் தாய், பொகவந்தலாவை

பதில்: வேண்டாம் அம்மா. 2024 செப்டெம்பரில் தீர்மானித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 நாள் பேர் (ஒரு பேர் என்றால் ஒரு நாள் முழுச்சம்பளம்) போட்டாலும் 95,000க்கு 500 ரூபா குறைகிறது. அதுவும் ஒரு நாள்கூட அரைப்பேர் விழாமல், சேமலாப நிதிக்குப் பிடிப்பதைக் கழிக்காமல்.

அவ்வளவு கொடுத்து வாங்கினாலும் வகுப்புக்கு அது பெரிதாக உதவாது. புளூடூத் ஹெட்போனில் பாட்டுக் கேட்டால் நல்ல ஒலி வரும். ஆனால் கேள்வி கேட்க மகன் மைக்கைத் திறந்ததும், கடையில் இருப்பவற்றில் அநேகமானவை தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும். அப்போது 95,000 ரூபா ஹெட்போனிலும் ஆசிரியரின் குரல் போனில் பேசுவதுபோலத்தான் கேட்கும்.

டீவி சத்தத்துக்கும் அதே கதைதான். 'நொய்ஸ் கேன்சலிங்' என்பது வெளியே வரும் சத்தத்தை மைக்கால் பிடித்து, அதற்கு எதிரான அலையை உள்ளே அனுப்பி அமுக்கும் வேலை. ஒரே சீராக உறுமும் தாழ்ந்த சத்தத்தை, ரயில் எஞ்சின், விமானம், மின்விசிறி போன்றவற்றை, அது நன்றாக அமுக்கும். நாடகத்தில் ஆட்கள் பேசுவதையும் சண்டை போடுவதையும் அந்த அளவுக்கு அமுக்காது. அதைத் தடுப்பது காதை முழுதாக மூடும் மெத்தைதான்.

ஆகவே காதை மூடும், மைக் உள்ள, வயர் ஹெட்செட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். 8,000 ரூபாவைத் தாண்ட வேண்டாம். மகன் பொய் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே, நடுவில் ஒரு மெல்லிய சுவரை வைத்துக்கொண்டு உயர்தரம் படிப்பது உண்மையிலேயே கஷ்டம். பக்கத்து வீட்டாரிடம் இரவு இரண்டு மணித்தியாலம் டீவியைக் குறைத்து வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குப் பரீட்சை என்றால் நம் ஆட்கள் கேட்பார்கள். மிச்சக் காசு கடைசி வருட வகுப்புக் கட்டணத்துக்கு வேண்டியிருக்கும்.

கேள்வி: சிநேகிதர்கள் எல்லோரிடமும் பெயர்போன ஹெட்போன் இருக்கிறது. விலை கூடினால் ஒலியும் கூடுமா?
- வங்கி ஊழியர், ஹட்டன்

பதில்: ஓரளவுக்குக் கூடும். பிறகு விலை மட்டும் கூடிக்கொண்டு போகும்.

2017இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். எந்தச் சுருதியை எவ்வளவு உரப்பாகத் தருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரை அது. ஹெட்போனுக்குள் இருப்பது ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு மெல்லிய சவ்வு. பெரிய ஹெட்போன்களில் அந்தச் சவ்வு பெரும்பாலும் 40 மில்லிமீற்றர் அகலம். அதை நன்றாகச் செய்யும் வித்தை இன்று மலிவான கம்பனிகளுக்கும் தெரியும்.

ஹெட்போனைக் கழுத்தில் தொங்கும் நகையாக்கியதில் பீட்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. டொக்டர் ட்ரே என்ற ராப் பாடகரும் ஜிம்மி அயோவின் என்ற இசைத் தயாரிப்பாளரும் 2006இல் தொடங்கிய நிறுவனம் அது. 2008இல் முதல் ஹெட்போனை விற்பனைக்கு விட்டார்கள். விளையாட்டு வீரர்களும் பாடகர்களும் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். 2014இல் ஆப்பிள் 300 கோடி டொலருக்கு அதை வாங்கியது. அந்த விலையில் பெரும்பகுதி பெயருக்கான விலை என்பதே என் எண்ணம். நீங்கள் கடையில் கொடுப்பதிலும் ஒரு பங்கு அதற்குத்தான் போகிறது.

ஆனாலும் விலை கூடியதை வாங்குவதே பிழை என்று சொல்ல மாட்டேன். மாதம் நான்கு தடவை பொடி மெனிக்கே ரயிலில் கொழும்புக்குப் போய் வருபவருக்கு நல்ல நொய்ஸ் கேன்சலிங் பெரிய ஆறுதல். நாள் முழுக்க அழைப்பு எடுப்பவருக்கு நல்ல மைக் வேண்டும். நீங்கள் வேலைக்கு நடந்து போகும் 15 நிமிடத்துக்கு என்றால் 15,000 ரூபாவுக்குள் எடுங்கள். கடையில் 20 நிமிடம் மாட்டிக்கொண்டு நில்லுங்கள். உச்சந்தலையும் காதுமடலும் நோகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். மாட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

கேள்வி: அதே மொடல், சிவப்பு நிறம் 4,000 ரூபா கூட. ஒலியில் வித்தியாசம் இருக்குமா?
- மாணவி, பண்டாரவளை

பதில்: இருக்காது.

கேள்வி: பேஸ்புக்கில் பாதி விலை என்று பார்த்து 24,000 ரூபாவுக்கு இயர்பட்ஸ் ஓடர் செய்தேன். பார்சலைப் பிரிக்கும் முன்பே காசு கொடுக்க வேண்டியிருந்தது. பெட்டி, சீரியல் நம்பர் எல்லாம் சரி. இரண்டு கிழமையில் ஒரு பக்கம் செத்துவிட்டது. போலி என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் என்னையே ஏசுகிறார்கள்.
- தையல் வேலை செய்பவர், தலவாக்கலை

பதில்: முதலில் உங்களை ஏசுகிறவர்களுக்குச் சொல்கிறேன். 2015இல் அமெரிக்காவில் ஒரு பொறியியலாளர் பெயர்போன ஹெட்போன் ஒன்றைக் கழற்றி, உள்ளே கனம் காட்டுவதற்காகவே உலோகத் துண்டுகள் இருப்பதாக எழுதினார். உலகம் முழுக்க அது செய்தியானது. பிறகுதான் தெரிந்தது, அவர் கழற்றியதே போலி. ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிப் பார்த்தவருக்கே தெரியவில்லை என்றால், பெட்டியை மட்டும் பார்த்த தங்கச்சிக்கு எப்படித் தெரியும்? பிழை விற்றவனுடையது.

நானும் இப்படி ஏமாந்திருக்கிறேன். கொழும்பில் ஒரு கடையில் ஆப்பிளின் ஏர்போட்ஸ் என்று வெள்ளை இயர்பட்ஸ் வாங்கினேன். மூடியைத் திறந்ததும் ஐபோன் திரையில் படம் எழும்பியது. கடைக்காரர் "பாருங்க சேர், ஒரிஜினல்" என்றார். நம்பிக் காசை எண்ணிக் கொடுத்தேன். அந்தப் படத்தைப் போலிகளும் எழுப்பும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சீரியல் நம்பரையும் உண்மையான ஒன்றிலிருந்து எடுத்து அச்சடித்துவிடுவார்கள். ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 16இலிருந்துதான், இணைக்கும்போது சந்தேகமான ஏர்போட்ஸை ஐபோன் சொல்லத் தொடங்கியது.

இப்போது செய்ய வேண்டியது இது. அந்தப் பேஸ்புக் பக்கம், விளம்பரம், உங்கள் உரையாடல் எல்லாவற்றையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பக்கத்தை அழித்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. பார்சலில் ஒட்டியிருந்த கூரியர் துண்டைப் பத்திரமாக வையுங்கள். அனுப்பியவரின் பெயரும் போன் நம்பரும் பெரும்பாலும் அதில் இருக்கும். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். அழைத்ததோடு விடாமல் எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. சிங்களத்தில் எழுதத் தெரியாது என்று தயங்கி நிற்க வேண்டியதில்லை.

காசு முழுதாகத் திரும்பும் என்று வாக்குத் தர என்னால் முடியாது. ஆனால் உங்கள் கடிதம் அங்கே போய்ச் சேர வேண்டும். அதே பக்கத்தில் நாளைக்கு வாங்கப் போகிறவளுக்கும் அது உதவும்.

கேள்வி: ஆறு மாதத்தில் மூன்று இயர்பட்ஸ் போய்விட்டது. ஒன்று மழையில் நனைந்தது, ஒன்று சட்டைப் பையோடு தோய்த்துவிட்டேன், மூன்றாவதுக்குப் பில் இல்லை, பெட்டியும் எறிந்துவிட்டேன். வோட்டர்புரூப் என்று சொல்லித்தான் தந்தார்கள். நான்காவது எது வாங்கலாம்?
- மஸ்கெலியா

பதில்: நான்காவதை இப்போது வாங்காதீர்கள். மஸ்கெலியாவில் இருந்துகொண்டு மழை வருமா என்று யோசிக்காமல் சாமான் வாங்கியிருக்கிறீர்கள். பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவுதான். கொட்டும் மழைக்கும் சவர்க்காரத் தண்ணீருக்கும் அது பொருந்தாது. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் நல்ல தண்ணீரில் அரை மணித்தியாலம். கடைக்காரர் வாயால் சொன்னதை விட்டுவிட்டுப் பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

பில் இல்லாமல் காசு கொடுத்தது உங்கள் பிழை. கேட்டால் பில் தர வேண்டும் என்பது சட்டம், நீங்கள் கேட்கவில்லை. பில்லில் மொடல் பெயர், திகதி, வொரண்டி எத்தனை மாதம், அது கடை வொரண்டியா ஏஜண்ட் வொரண்டியா, நான்கும் இருக்க வேண்டும். இதைப் பலமுறை எழுதிவிட்டேன்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் 60,000 ரூபாவுக்கு வாங்கிய ஹெட்போன். காதுமெத்தை உரிந்து கறுப்புத் தூளாகக் கொட்டுகிறது. மெத்தை தனியாக வராதாம், புதிது எடுக்கச் சொல்கிறார்கள்.
- ஆசிரியை, நுவரெலியா

பதில்: அந்தக் கறுப்புத் தூளை எனக்கு நன்றாகத் தெரியும் டீச்சர். எட்டு வருடத்துக்கு முன், கண்டியில் 38,000 ரூபா கொடுத்து ஒன்று வாங்கினேன். இரண்டாவது மழைக்காலம் முடியும்போது காதுமடலில், கொலரில், தலையணை உறையில் எள்ளுச் சிந்தியதுபோல் செதில் செதிலாகக் கிடந்தது. ஈரத் துணியால் துடைத்தால் இழுபட்டுக் கோடாக ஒட்டியது. தோல் என்று நினைத்து வாங்கியது துணிமேல் பூசிய பொலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரம் அதன் மூலக்கூறுப் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வியர்வையும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். மாதக்கணக்கில் பனியும் மழையுமாக, அலுமாரிக்குள் செருப்பே பூஞ்சணம் பிடிக்கும் நம் ஊரில் அது எப்படி நிற்கும்?

மெத்தை உரிவதை நான் மன்னிப்பேன். மாற்ற மெத்தை தராததைத்தான் மன்னிக்க முடியவில்லை. 60,000 வாங்கிய கடையால் ஒரு சோடி மெத்தையை இறக்கித் தர முடியாதா? சோனியின் எம்டிஆர்-7506 என்ற வயர் ஹெட்போன் 1991இல் வந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள். மெத்தை போனால் இழுத்துக் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். கொஸ் நிறுவனத்தின் போர்ட்டா புரோ 1984இல் வந்தது, இன்னும் விற்பனையில் இருக்கிறது. திருத்தக்கூடியபடி செய்ய முடியும் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பெட்டரி இன்னும் மோசம். லித்தியம் பெட்டரி சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கினால் தளர்ந்துவிடும். இயர்பட்ஸுக்குள் இருக்கும் பெட்டரி ஒரு மாத்திரை அளவு. தினமும் பாவித்தால் இரண்டு மூன்று வருடத்தில் ஐந்து மணித்தியாலம் ஒன்றரை மணித்தியாலமாகிவிடும். அதைப் பசை போட்டு மூடிவிடுகிறார்கள். திருத்தும் வசதியைப் புள்ளியிட்டுச் சொல்லும் ஐஃபிக்ஸிட், முதல் ஏர்போட்ஸுக்கு 10க்கு 0 கொடுத்தது. ஒலி தரும் சவ்வு நன்றாக இருக்கும், மைக் நன்றாக இருக்கும், ஒரு மாத்திரைக்காக முழுவதையும் குப்பையில் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் கொண்டுவந்து, 2027 பெப்ரவரியிலிருந்து இப்படியான பொருட்களின் பெட்டரியைப் பாவிப்பவரே மாற்றக்கூடியபடி செய்யச் சொல்லியிருக்கிறது. நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். 60,000 ரூபாவின் பாரம் ஐரோப்பியரைவிட நமக்குத்தான் அதிகம்.

நீங்கள் புதிது எடுக்க வேண்டாம். மெத்தையின் உள்ளகலத்தையும் வெளியகலத்தையும் அளந்து, மொடல் பெயரோடு ஒன்லைனில் தேடுங்கள். பெரிய கம்பனிகளின் மொடல்களுக்கு வேறு ஆட்கள் செய்த மெத்தை கிடைக்கும். துணி உறை போட்டதைத் தேர்ந்தெடுங்கள். துணி உரியாது.

கேள்வி: மூன்று தவணை, வட்டி இல்லை என்கிறார்கள். 70,000 ரூபா ஹெட்போன் எடுக்கலாமா?
- பதுளை

பதில்: மூன்று மாதமும் தவணைக் காசு கையில் நிச்சயம் இருந்தால் எடுங்கள். ஒரு தவணை பிந்தினால் தாமதக் கட்டணம் விழும்.

கேள்வி: தினமும் ஹட்டன் - கண்டி பஸ். பஸ்ஸில் போடும் பாட்டுச் சத்தத்துக்கு மேலே என் பாட்டுக் கேட்க வொலியூமை முழுதாக வைக்கிறேன். இரவில் காதுக்குள் கூவுகிறது. நல்ல ஹெட்போன் வாங்கினால் சரியாகுமா?
- பயிற்சித் தாதி

பதில்: தங்கச்சி, முதலில் வைத்தியரிடம் காதைக் காட்டுங்கள், பிறகு கடைக்குப் போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களுக்கு 80 டெசிபெல் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் நான்கு மணித்தியாலம்தான். உங்கள் பிரயாணம் அதை இரண்டு நாளில் தாண்டிவிடும். உள்காதின் நுண்மயிர்க் கலங்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

நொய்ஸ் கேன்சலிங் பஸ் எஞ்சினை அமுக்கும், டிரைவர் போடும் பாட்டையும் ஹோர்னையும் அவ்வளவாக அமுக்காது. உங்களுக்கு வேண்டியது காதுத்துளையை இறுக்கமாக மூடும் சிலிக்கன் முனை. மூன்று அளவில் தருவார்கள், மூன்றையும் போட்டுப் பாருங்கள். சரியான அளவு உட்கார்ந்தால் வெளிச்சத்தம் சட்டென்று குறையும், வொலியூம் பாதி போதும். 5,000 ரூபாவிலும் கிடைக்கும். கூவல் நிற்கும்வரை பஸ்ஸில் பாட்டே வேண்டாம்.

கேள்வி: அப்பா பாவித்த பழைய வயர் ஹெட்போன். ஒரு பக்கம் கேட்கவில்லை. எறியவா?
- கொட்டகலை

பதில்: எறியாதீர்கள். பாட்டைப் போட்டுவிட்டு, பிளக்குக்குக் கிட்ட வயரை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். செத்த பக்கம் ஒரு கணம் உயிர்த்து மறுபடி போனால், வயர் அங்கேதான் முறிந்திருக்கிறது. அந்த இடத்தை வெட்டி, புதிய 3.5 மில்லிமீற்றர் பிளக் பற்றவைத்தால் சரி. டவுனில் ரேடியோ திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். வளைத்தும் கேட்கவில்லை என்றால், காதுப்பக்கம் வயர் நுழையும் இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.