டிரைவர் இல்லாத டாக்சியில் மகள் வருகிறாள், பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகள் சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்க்கிறாள். இரவு பத்து மணிக்கு மேல் ஆபீசிலிருந்து வீட்டுக்கு, டிரைவரே இல்லாத வேமோ டாக்சியில் தனியாக வருகிறாள். கால் மணி நேரப் பயணம். 'ஆள் ஓட்டுகிற வண்டியில் வா' என்றால் கேட்பதில்லை. இதுதான் 90 சதவீதம் பாதுகாப்பு என்கிறாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். பிரசவத்துக்கு நானும் அவள் அப்பாவும் போகிறோம். அவள் சொல்வது உண்மையா? நாங்களும் அதில் ஏறலாமா?
- கோவில்பட்டி வாசகி

பதில்: அம்மா, உங்கள் மகள் சொல்வது பெரும்பாலும் சரி. நகரத் தெருவில் அந்தக் கம்பெனி வண்டியில் அவள் வரட்டும். நீங்களும் ஏறலாம். ஏழாம் மாதம் என்பதால் ஒன்றே ஒன்று: சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு மேல் வரக்கூடாது. வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பை ஒட்டிப் படிய வேண்டும். மேல்பட்டை மார்புக்கு நடுவே போகட்டும்.

அந்த 90 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். வேமோ வண்டிகள் 2025 ஜனவரி வரை, உள்ளே டிரைவர் இல்லாமல் ஓடிய 5.67 கோடி மைலை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். அதே ஊர்களில் மனிதர்கள் அதே தூரம் ஓட்டியிருந்தால் எத்தனை விபத்து நடந்திருக்கும் என்று ஒப்பிட்டார்கள். பாதசாரிக்குக் காயம் ஏற்பட்ட விபத்துகள் 92 சதவீதம் குறைவு. சைக்கிளில் போகிறவர்களுக்கு 82 சதவீதம் குறைவு. நாற்சந்தியில் வண்டியோடு வண்டி மோதிக் காயம்பட்டவை 96 சதவீதம் குறைவு. ஆய்வு செய்தவர்கள் அந்தக் கம்பெனி ஆட்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டுரை பிற நிபுணர்களின் பரிசீலனைக்குப் பிறகே வெளிவந்தது. காப்பீட்டுக் கம்பெனிகளுக்கே காப்பீடு தருகிற ஸ்விஸ் ரீ என்கிற பெரிய நிறுவனமும் வேமோவோடு சேர்ந்து 2.53 கோடி மைலுக்கு இழப்பீட்டுக் கோரிக்கைகளை எண்ணிப் பார்த்தது. மனிதர்கள் ஓட்டியிருந்தால் காயத்துக்காக சுமார் 26 கோரிக்கைகள் வந்திருக்கும் என்று கணக்கு. வந்தவை இரண்டு. நான் இருபத்தைந்து வருடமாக மோட்டார் விபத்து இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்க்கிறவன். காப்பீட்டுக்காரன் கணக்கு எனக்கு முக்கியம், ஏனென்றால் அது அவன் கைக்காசு.

காரணம் எளிது. இந்த வண்டி குடிப்பதில்லை, தூங்குவதில்லை, போன் பார்ப்பதில்லை. சிவப்பு விளக்கில் நிற்கிறது. நான் பார்த்த கோப்புகளில் பாதிக்கு மேல் இந்த நான்கில் ஒன்றால் வந்தவை.

உயிரிழப்பு வேறு கணக்கு. அமெரிக்காவில் 2023-ல் சாலையில் 40,901 பேர் இறந்தார்கள். கேட்கப் பெரிய எண். ஆனால் அங்கே ஓடும் தூரமும் பெரிது, 10 கோடி மைலுக்கு சுமார் 1.26 சாவு என்று வருகிறது. அப்படியானால் அந்த ஆய்வின் 5.67 கோடி மைலுக்கு மனிதர்களே ஓட்டியிருந்தாலும் ஒரு சாவு கூட வராமல் போயிருக்கலாம். இதை வைத்து 'சாவும் 90 சதவீதம் குறைவு' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காயத்துக்குச் சொல்வதை அப்படியே சாவுக்குச் சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமாக இன்னொன்று. அந்தச் சதவீதம் எல்லாம் நகரத் தெருவுக்கு உரியது. நெடுஞ்சாலைக்கு உரியது அல்ல. ஒப்பீட்டில் மனிதர்களின் நெடுஞ்சாலை விபத்துகளைச் சேர்க்கவே இல்லை. பொதுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வேமோ நெடுஞ்சாலையில் ஓடத் தொடங்கியதே 2025 நவம்பரில்தான். தெருவில் 25 மைல் வேகத்தில் சந்தேகம் வந்தால் வண்டி நின்றுவிடலாம், பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. 65 மைல் வேகத்தில் பாதையின் நடுவே நிற்பதே ஆபத்து. ஓடும் தூரத்தை வைத்துப் பார்த்தால் அங்கே மனிதர்களும் குறைவாகத்தான் மோதுகிறார்கள், மோதினால் பலமாக மோதுகிறார்கள். அதனால் நெடுஞ்சாலையில் ரோபோ மோசம் என்று ஆகிவிடாது. உங்கள் மகள் பிடித்துக்கொண்டிருக்கும் எண் அங்கே செல்லாது, அவ்வளவுதான். தினசரி கால் மணி நேரத் தெருப் பயணத்துக்கு அது பொருந்தும். 101 நெடுஞ்சாலையில் ஏறி சான் ஹோசேயில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற நாளில், நல்ல டிரைவரோடு போங்கள் என்பேன்.

'டிரைவர் இல்லாத கார்' என்ற பெயரைப் பார்த்து எல்லாவற்றையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். அதே ஊரில் க்ரூஸ் என்ற கம்பெனி ஓடியது. 2023 அக்டோபர் 2-ம் தேதி, வேறொரு கார் மோதித் தூக்கி எறிந்த பெண் க்ரூஸ் வண்டியின் முன் விழுந்தார். வண்டி அவர் மேல் ஏறி நின்றது. பிறகு ஓரங்கட்டுவதாக நினைத்து அவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அந்த இழுப்பைக் கம்பெனி அதிகாரிகளிடம் முழுதாகச் சொல்லவில்லை. அந்த மாதமே கலிபோர்னியா உரிமத்தை நிறுத்தியது, பொய் அறிக்கைக்காக 5 லட்சம் டாலர் அபராதமும் பின்னால் வந்தது. வேமோவுக்கும் குறைகள் உண்டு. நிறுத்தியிருந்த பள்ளிப் பேருந்துகளைத் தாண்டிப் போனதற்காக 2025 டிசம்பரில் 3,000-க்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு மென்பொருள் திருத்தம் செய்தார்கள். 2025 ஜூனில் ஆஸ்டினில் டெஸ்லா தன் டாக்சியைத் தொடங்கியபோது முன் சீட்டில் கம்பெனி ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒருவருடைய கணக்கை இன்னொருவருக்கு ஒட்ட முடியாது.

அரசாங்கத்தின் மெத்தனத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025 செப்டம்பரில் சான் புரூனோவில், குடிபோதைச் சோதனை நடத்திக்கொண்டிருந்த போலீசாரின் கண் முன்னாலேயே ஒரு வேமோ வண்டி தடை செய்யப்பட்ட இடத்தில் யூ-டர்ன் அடித்தது. டிரைவர் இல்லை, யார் பெயரில் அபராதச் சீட்டு எழுதுவது? விட்டுவிட்டார்கள். இதற்கான சட்டம் 2024-லேயே கையெழுத்தானது. ஆனால் நடைமுறைக்கு வருவது 2026 ஜூலையில், அதுவும் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் கொடுக்க மட்டும். தெருவில் வண்டிகளை ஓடவிட்ட பிறகு விதி எழுத உட்காருகிறார்கள்.

சரி, உங்களுக்கு அந்த டாக்சியைவிடப் பெரிய ஆபத்து ஊரிலேயே இருக்கிறது. 'அமெரிக்கா போறீங்களா, மலிவா ஒரு மெடிக்கல் பாலிசி போட்டுத் தரேன்' என்று ஒருவர் வருவார். நிச்சயம் வருவார். அவர் விற்கும் மலிவான பாலிசிகளில் பல, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகை குறித்தவை. பில் எவ்வளவு வந்தாலும் அந்தத் தொகைக்கு மேல் தர மாட்டார்கள். என் சம்பந்தியின் அக்கா அங்கே நடைபாதையில் வழுக்கி மணிக்கட்டு ஒடிந்தது. பாலிசி கொடுத்தது பில்லில் எட்டில் ஒரு பங்கு. ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. பில்லில் இத்தனை சதவீதம் என்று கணக்கிட்டுத் தருகிற முழுப் பாதுகாப்புப் பாலிசியா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், பாலிசித் தாளில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அதற்கான விலக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். காட்டாதவரிடம் வாங்க வேண்டாம்.

அங்கே ஏதாவது விபத்து நடந்துவிட்டால், ஆஸ்பத்திரி வாசலிலோ போனிலோ 'எங்கள் வக்கீல் லட்சக்கணக்கில் வாங்கித் தருவார், கையெழுத்துப் போடுங்கள்' என்று ஒருவர் பேசுவார். நம்மவராக, தமிழிலேயே பேசுகிறவராகக் கூட இருக்கலாம். வக்கீலுக்கு இப்படி ஆள் பிடித்துக் கொடுப்பது கலிபோர்னியாவில் குற்றம். அவசரமே இல்லை: காயத்துக்கு வழக்குப் போட அங்கே பொதுவாக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. இந்த டாக்சிக் கம்பெனிகள் 50 லட்சம் டாலருக்கு ஈடு காட்டினால்தான் அந்த மாநிலத்தில் வண்டியே ஓட்ட முடியும். பணம் எங்கும் ஓடிப் போகாது. முதலில் ஆப்பில் உள்ள உதவிப் பொத்தானை அழுத்துங்கள், அங்கே அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள், போலீஸ் அறிக்கையின் எண்ணை வாங்குங்கள். அன்றைக்கு வேறு எதிலும் கையெழுத்து வேண்டாம்.

அப்புறம் பேரக்குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது மடியில் வைத்துக்கொள்ளத்தான் உங்களுக்குத் தோன்றும். டாக்சியானாலும் சொந்தக் காரானாலும் கூடாது. பச்சைக் குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த கார் சீட் கட்டாயம், சட்டமே அப்படி. வேமோ வண்டியில் அது இருக்காது, நீங்கள்தான் கொண்டுபோய் மாட்ட வேண்டும். மாட்டித் தர டிரைவரும் இருக்க மாட்டார். பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பே அவள் அப்பாவிடம் அந்த சீட்டைக் கொடுத்து, நான்கு தடவை மாட்டிக் கழற்றிப் பழகச் சொல்லுங்கள்.