பேஸ்மென்ட்டில் தண்ணீர்: இன்ஸ்பெக்டர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: போன மார்கழியில் ஸ்காபரோவில் வீடு வாங்கினோம். வாங்க முன் வீட்டை இன்ஸ்பெக்ஷன் செய்தவர் ஏஜென்ட் காட்டிய ஆள், எங்கட ஊர்க்காரர். 500 டொலர் வாங்கிக்கொண்டு பேஸ்மென்ட் நல்லம் என்று எழுதித் தந்தார். பங்குனியில் பனி கரையத் தண்ணீர் வந்துவிட்டது. திருத்த 38,000 டொலர் கேட்கிறார்கள். அவர் இப்போது போன் எடுக்கிறாரில்லை. இன்ஸ்பெக்டர்மாரைப் பொறுப்பாக்கும் சட்டம் வருகுதாம். அதுவரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் வீட்டுப் பரிசோதனைச் சட்டம் 2017இலேயே நிறைவேறியது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நாளைக்கே வந்தாலும் உங்கள் மார்கழி இன்ஸ்பெக்ஷனைத் தொடாது. வழக்குப் போட உங்களுக்குள்ள இரண்டு வருடக் கெடுவோ தண்ணீரைக் கண்ட பங்குனியிலேயே ஓடத் தொடங்கிவிட்டது.

ஊர்க்காரர், ஏஜென்ட்டின் ஆள், போன் எடுக்காதவர்: இதில் ஒன்றும் நீதிபதிக்குத் தேவைப்படாது. தேவையானதை நீங்கள் எழுதவில்லை. அவருடைய ஒப்பந்தத்தில், பொறுப்பு கட்டணத் தொகையைத் தாண்டாது என்ற வரி இருக்கிறதா? அந்தத் தாளை எப்போது தந்தார்? முதல்நாளே அனுப்பி, அந்த வரியைக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால் உங்கள் 38,000 வெறும் 500 ஆகச் சுருங்கலாம். வீட்டைப் பார்த்து முடித்து, காசு வாங்கும்போது நீட்டியிருந்தால் அந்த வரியை உடைக்க எங்களுக்கு வழி உண்டு.

அடுத்தது அறிக்கையிலுள்ள படங்கள். "கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் பார்த்தேன், சுவருக்குள் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்" என்றுதான் அவர் சொல்வார். படங்களைப் பெருப்பித்துப் பாருங்கள். ஃப்ரீஸருக்குப் பின்னால், சுவரின் அடியில் உப்புப் பூத்த வெள்ளைக் கோடு, அதாவது ஈரம் முன்பே வந்ததன் அடையாளம், தெரிந்தால் அதுதான் உங்கள் வழக்கு.

என்னிடம் வருபவர்கள் கெட்டுப்போவது இங்கேதான். பதறியடித்து ஆள் பிடித்து, ட்ரைவோலை (உட்சுவர்ப் பலகையை) உடைத்துக் குப்பையில் போட்டு, புதுப் பெயின்ற்றும் அடித்துவிட்டு, பில்லை மட்டும் கொண்டுவந்து நீட்டுவார்கள். எதிர்த்தரப்பு நிபுணர் பார்க்க அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. தண்ணீரை நிறுத்துங்கள், அதற்குத் தடையில்லை. சுவரில் கைவைக்க முன் இன்ஸ்பெக்டருக்கு எழுத்தில் அறிவித்து, வந்து பார்க்க நாள் கொடுங்கள். வெட்டியெடுத்த துண்டுகளைக் கராஜில் வையுங்கள்.

இன்னொன்று, இன்ஸ்பெக்டரின் காப்புறுதி. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அல்பேர்ட்டாவிலும் இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். ஒன்ராறியோவில் வேண்டாம், ஆகவே காப்புறுதி இல்லாதவரும் செய்யலாம். எண்ணையே பெயராகக் கொண்ட, கையில் காசில்லாத ஒரு நம்பர் கொம்பனிக்கு எதிராக வென்ற தீர்ப்பை பிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான். முதல் கடிதத்திலேயே காப்புறுதி விபரத்தைக் கேளுங்கள்.

சிறு வழக்கு நீதிமன்றத்தின் எல்லை இப்போது 50,000 டொலர். உங்கள் தொகை அதற்குள் அடங்கும். ஆனால் வென்றாலும் வழக்கறிஞர் செலவில் பொதுவாகக் கேட்ட தொகையின் 15 வீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்காது. பொறுப்பைக் கட்டணத்தோடு நிறுத்தும் அந்த வரியில் உங்கள் கையெழுத்தும் இருந்து, காப்புறுதிக் கொம்பனி பத்துப் பன்னிரண்டாயிரம் தர முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இனி வழக்கில்லை என்று எழுதித் தரும் விடுவிப்புப் பத்திரத்தில் வீட்டை விற்றவரின் பெயரையும் சேர்த்திருந்தால் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். தண்ணீர் வருவது தெரிந்தே மறைத்தாரா என்று அவரிடம் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.